பதினோரு பல்

உஸ்மாவின் முகம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாற்பதடி அகலத்தில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. அதை முதலில் பார்த்தவள் அவள் அல்ல. அவளுடைய அத்தா அப்துல் கையூமும் அல்ல. பெரிய கடை வீதியில் அவருடைய செருப்புக் கடைக்கு எதிர்வரிசையில் இன்னொரு செருப்புக் கடை வைத்திருப்பவர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் படம் எடுத்து, வியாபாரிகள் வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே ஒரு கைகூப்பும் படத்தையும் போட்டார்.

விளம்பரப் பலகையில் உஸ்மா வலது கையில் ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில், “மூன்றே நாளில்... என் நடையே மாறிவிட்டது. – உஸ்மா, 23, கோவை” என்று இருந்தது. அதற்குக் கீழே ‘அள்ளு’ என்ற பெயர்.

அள்ளு ஒரு கைபேசிச் செயலி. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் பொருள் விற்பது. இருபத்தைந்து முடிந்த அன்று ஒரு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டுக் கணக்கை மூடிவிடும். அந்த வயதுக்கு மேல் ஆட்கள் பொருளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி முடிவு.

உஸ்மா கோவை ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். செருப்புக் கடைக்காரர் மகள் இணையத்தில் செருப்பு வாங்கியது ஏன் என்று கேட்பவர்கள் செருப்புக் கடைக்காரர் வீட்டில் பிறந்ததில்லை என்று பொருள். அந்த வீடுகளில் விற்காமல் நின்றுபோனதுதான் பிள்ளைகளின் காலுக்கு வரும். இருபது வருடத்துக்கு மேல் அவள் அப்படித்தான் நடந்தாள். சம்பளம் வந்த நான்காவது நிமிடம் அள்ளு அவளுக்கு எழுதியது: “உஸ்மா, உங்களுக்காக நீங்கள் கடைசியாக எப்போது ஏதாவது செய்துகொண்டீர்கள்?” அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. “உங்களைப் போன்ற 4,112 பேர் இந்தச் செருப்பை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டே ஜோடி மிச்சம்.” அவள் வாங்கினாள்.

மூன்றாம் நாள் போத்தனூர் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இறங்கும்போது செருப்பின் வார் பிய்ந்தது. நான்கு படி உட்கார்ந்தபடியே இறங்கினாள். பிய்ந்த செருப்பைத் தூக்கிப் பிடித்து அவள் அலறியபோது, அவளோடு வேலை பார்க்கும் ரூபினா கை கொடுப்பதற்கு முன் படம் எடுத்துவிட்டாள். அந்தப் படத்தைப் போட்டு, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து உஸ்மா எழுதினாள்: “மூன்றே நாளில் பிய்ந்துவிட்டது. நொண்டி நொண்டி என் நடையே மாறிவிட்டது.”

நடுவில் இருந்ததை அள்ளு எடுத்துவிட்டது. மற்றபடி அவள் எழுதியதை அப்படியே போட்டிருந்தார்கள்.

பலகை ஏறிய அன்று மாலை கடையில் அப்துல் கையூம் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார்.

“இது நீதானே?”

“நாந்தான் அத்தா.”

“கையில இருக்கறது நம்ம கடைச் செருப்பா?”

“இல்லத்தா.”

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்த நேரம் பார்த்து கடைக்குள் வந்த ஒரு பெண்மணி, எடுத்துக் காட்டிய நான்கு ஜோடியையும் ஒதுக்கிவிட்டு, “தப்பா நினைக்காதீங்க பாய். உங்க புள்ளையே போன்ல வாங்குது. நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணுனோம்?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அவரோடு சேர்த்து அன்று ஏழு பேர் அதையே வேறு வேறு சொற்களில் கேட்டார்கள்.

“பெருநாளைக்குன்னு அறுநூறு ஜோடி எறக்கி வெச்சிருக்கேன்” என்றார் அப்துல் கையூம். “நோன்புக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள அந்தப் படம் எறங்கணும். எப்படி எறக்குவியோ எனக்குத் தெரியாது.”

உஸ்மா முதலில் தன் பதிவை அழித்தாள். அள்ளு உடனே பதில் அனுப்பியது: “உங்கள் பதிவு உங்கள் பார்வையிலிருந்து வெற்றிகரமாக நீக்கப்பட்டது.” மற்றவர்கள் பார்வையிலிருந்து எப்படி நீக்குவது என்பதைத் தெரிந்துகொள்ள அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்து சரவணம்பட்டிக்குப் போனாள்.

அள்ளுவின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. வரவேற்பில் மனிதர்கள் இல்லை. டோக்கன் செயலியில்தான் எடுக்க வேண்டும். கூடையில் ஒரு பொருளாவது இருந்தால்தான் டோக்கன் வரும். வெறுங்கூடையோடு வருபவருக்குக் குறை இருக்க வாய்ப்பில்லை என்று திரையில் எழுதியிருந்தது. அவள் நாற்பத்தொன்பது ரூபாய்க்கு ஒரு ஹேர் கிளிப்பைக் கூடையில் போட்டாள். டோக்கன் வந்தது. அடுத்து, வந்த காரணத்தைத் தேர்வு செய்யச் சொன்னது. மகிழ்ச்சி, மிகுந்த மகிழ்ச்சி, மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்று மூன்று இருந்தன. மூன்றாவது கொஞ்சம் பொருந்தும்போல் இருந்ததால் அதைத் தொட்டாள்.

உடனே ஒரு கதவு திறந்து ஓர் இளைஞர் பூங்கொத்தோடு வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘திருமூர்த்தி, இளைஞர் உணர்வு மேலாளர்’ என்று இருந்தது.

“பேச்சு வரலைன்னா பரவால்லீங்க அம்மணி, மெதுவாப் பேசுங்க” என்றார்.

“பேச்செல்லாம் வருதுங்க. அந்தப் போர்டை எறக்கணும்.”

திருமூர்த்தி பூங்கொத்தைப் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். இந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இன்னும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

“அதை எறக்க முடியாதுங்களே. மனசு முடிவு பண்ணுனதுங்க அது.”

“யாரு மனசு?”

“எங்க மெஷினுங்க. அதும் பேரு மனசு. வாங்குனவிய போடற போட்டோவெல்லாம் அதுதான் பாக்கும். எழுதுனதைப் படிக்காதுங்க, நீளமா இருந்தா நடுவுல மட்டும் வெட்டிப்போடும். படிச்சா எழுதுனவிய கருத்து அதும் மேல ஏறிப்போயி பாரபட்சம் வந்துரும் பாருங்க. அதனால பல்லை மட்டுந்தான் எண்ணும். உங்களுக்குப் பதினொண்ணு. இந்த சீசன்லயே அதுதானுங்க ஒசத்தி.”

“நான் கீழ விழுந்துட்டு வலியில கத்திட்டு இருக்கேங்க.”

“வலியோ சந்தோசமோ, பல்லு ஒண்ணுதானுங்களே” என்றார் திருமூர்த்தி, கொள்கை விளக்கம் போல.

“சரி, மெஷினை விடுங்க. ஒரு ஆள் ஏறி அவுத்துட்டா முடிஞ்சுதில்ல?”

“ஆளுங்க கை வெச்சா தப்பு நடக்கும்னு, கை வெக்கறதுக்கே வழியில்லாம செஞ்சுபோட்டோமுங்க. பட்டனே கெடையாது. போன வருசம் எங்க சேர்மனோட தம்பிக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்ப அவரு படம் ‘இதயத்தை அள்ளுங்கள்’னு பன்னெண்டு எடத்துல நின்னுச்சு. சேர்மனாலயே எறக்க முடியல. தம்பிக்கு ஒம்பது பல்லுதான். உங்க பதினொண்ணு வந்தப்புறந்தான் எறங்குச்சு. உங்க மேல சேர்மனுக்கு ரொம்ப மரியாதைங்க.”

உஸ்மா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அப்ப பன்னெண்டு பல்லு வந்தா என்னோடது எறங்கிருமா?”

“அடுத்த நிமிசமே எறங்கிரும். ஆனா சும்மா சிரிச்சா ஆவாதுங்க. நம்ம பொருள் படத்துல இருக்கணும். அதை வாங்குனவிய கணக்குல இருந்து படம் வரணும்.”

அப்போது நடைபாதையில் சிறு பரபரப்பு ஏற்பட்டது. நால்வர் பின்தொடர ஒரு பெண் வந்தார். நிறுவனத்தின் தலைமை ஆசை அலுவலர் பூஜிதா. வயது நாற்பத்தொன்று. திருமூர்த்தி, “மேடம், இவங்கதான் பதினோரு பல்லு” என்றார். பூஜிதா உஸ்மாவின் கன்னத்தைத் தொட்டு, “யூ ஆர் லைக் மை டாட்டர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உஸ்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பது கடையில் வளர்ந்த பழக்கம். ஏழாம் நம்பர், பாதம் சற்று அகலம்.

அந்த வாரம் உஸ்மாவின் வீட்டில் அனைவரும் சிரித்தார்கள். அவளுடைய தம்பி தல்ஹாவுக்கு வாய் பெரிது. அவன், உஸ்மா கடைசியில் வாங்கிவிட்ட அந்த நாற்பத்தொன்பது ரூபாய் ஹேர் கிளிப்பைக் காதோரம் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் அரை மணி நேரம் பயிற்சி செய்து பதின்மூன்று பல் வரை போனான். மனசு அந்தப் படத்தை ஏற்கவில்லை. பற்களில் வெற்றிலைக் கறை போன்ற ஒன்றைக் கண்டதால், அவனைப் பற்பசை தேவைப்படுபவர் பட்டியலில் சேர்த்தது. அன்றிலிருந்து அவனுக்கு மணிக்கு ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. மூன்றாம் நாள் அவன் இரண்டு பற்பசையும், நாக்கு வழிக்கும் மின்சாரக் கருவி ஒன்றும் வாங்கியிருந்தான்.

“எதுக்குடா வாங்குன?” என்று கேட்டாள் உஸ்மா.

“தெரியலக்கா. ரெண்டுதான் மிச்சம்னு சொல்லுச்சு.”

ரூபினா சிரித்த படத்துக்குப் பத்து பல்தான் கிடைத்தது. ஆனால் அவள் கன்னத்தில் ஒரு பருவைக் கண்டு மனசு கவலைப்பட்டது. அந்தக் கவலைக்கு அவள் அந்த மாதச் சம்பளத்தில் கால்வாசி செலவழித்தாள்.

நோன்புக்கு ஏழு நாள் இருக்கையில் திருமூர்த்தி தொலைபேசியில் அழைத்தார்.

“அம்மணி, ஒரு நல்ல சேதிங்க. உங்களை இந்த வருசத்து ‘அள்ளு முகம்’னு எடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை அவிநாசி ரோட்டு ஓட்டல்ல மாநாடு. மேடம் கையால பொன்னாடை. அப்படியே நேர்ல உங்க விசயத்தைச் சொல்லிப்போடலாம். நாலு லட்சம் பேரு லைவ்ல பாப்பாங்க.”

“நான் ஏதாச்சும் கொண்டு வரலாமுங்களா?”

“வெறும் முகத்தைக் கொண்டு வந்தாப் போதுமுங்க.”

“மேடத்துக்கு மரியாதை செய்யாம எப்படிங்க வாங்கிட்டு வர்றது?”

“அட, உங்களுக்குப் பெரிய மனசுங்க” என்றார் திருமூர்த்தி. அன்றே உஸ்மா அள்ளுவில் அதே செருப்பை, ஏழாம் நம்பரில், இன்னொரு ஜோடி வாங்கினாள். இரண்டே ஜோடிதான் மிச்சம் என்றது அள்ளு. வாங்கி முடித்ததும் அவளுக்கு ‘விசுவாசி’ என்ற பட்டம் கொடுத்தது.

மாநாட்டின் பெயர் ‘செலவே சுதந்திரம்’. குத்துவிளக்குக்குப் பதிலாக மேடை நடுவில் ஒரு பார்சல் வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு கத்தியால் அதைப் பிரித்தார்கள். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தது. அதற்குள் இன்னொன்று. ஐந்தாவது பெட்டியில் ஒரு நன்றி அட்டை மட்டும் இருந்தது. கைதட்டல் எழுந்தது. பிறகு அள்ளுவின் அறிவிப்பு ஒலி ஒலிபெருக்கியில் ‘டிங்’ என்று ஒலிக்க, அரங்கத்தில் இருந்த நானூறு இளைஞர்களும் எழுந்து நின்று தத்தம் பைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

பூஜிதா பேசினார்.

“இளைஞர்களைச் செலவு செய்யத் தூண்டுகிறோம் என்று எங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நாங்கள் தூண்டுவதில்லை. காத்திருக்கிறோம். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு நாளில் மூன்று முறை தனிமையாக உணர்கிறான். பஸ்ஸில் போகும்போது, சாப்பிட்ட பிறகு, யாராவது திட்டிய பிறகு. மூன்றாவதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது மேலதிகாரி திட்டி முடிப்பதற்குள் எங்கள் தள்ளுபடி அவன் கைக்குப் போய்விடுகிறது. சில கம்பெனிகள் எந்த நேரத்தில் திட்டப் போகிறோம் என்பதை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒத்துழைக்கின்றன. அவர்களுக்கு நன்றி.”

முன்வரிசையில் சிலர் எழுந்து வணங்கினார்கள்.

“இரண்டே ஜோடி மிச்சம் என்று நாங்கள் சொல்வது பொய் என்கிறார்கள். கிடங்கில் நாற்பதாயிரம் ஜோடி இருக்கலாம். ஆனால் அவள் மனதில் இரண்டுதான் மிச்சம். நாங்கள் கிடங்கை மதிப்பதில்லை, மனதை மதிக்கிறோம். தரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு செருப்பு ஐந்து வருடம் உழைத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? ஐந்து வருடம் ஓர் இளம்பெண்ணுக்குச் செருப்பைப் பற்றி ஓர் ஆசையும் வராது. அந்தப் பாவத்தை நாங்கள் செய்ய மாட்டோம். நான் மேடைக்காகச் சொல்லவில்லை, அள்ளுவின் பொருளைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை.”

அவர் அப்போது போட்டிருந்தது இத்தாலிச் செருப்பு. அரங்கத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அடுத்துப் பேச அழைக்கப்பட்டாள்.

உஸ்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்தது. அவள் பலகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. எங்க அத்தா செருப்புக் கடை வெச்சிருக்காரு. எங்க வழக்கத்துல மரியாதை வாங்குனா திருப்பிச் செய்யோணும். மேடத்துக்கு அள்ளுலயே வாங்கிட்டு வந்திருக்கேன். பலகையில என் கையில இருக்கற அதே செருப்புத்தான். மேடம் போட்டுட்டு நாலடி நடந்து காட்டுனாங்கன்னா எனக்கு அதுவே போதுங்க.”

பூஜிதா ஒரு கணம் திருமூர்த்தியைப் பார்த்தார். திருமூர்த்தி கீழே பார்த்தார். பிறகு அரங்கம் கைதட்டத் தொடங்கியது. பின்வரிசையில் யாரோ, “போடுங்க மேடம்” என்றார். நானூறு பேரும் அதையே சொன்னார்கள். நேரலைத் திரையில் இதயங்கள் பறந்தன. உஸ்மா குனிந்து, கடையில் வாடிக்கையாளருக்குச் செய்வதுபோலத் தரையில் அமர்ந்து, பூஜிதாவின் இத்தாலிச் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதை மாட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்தது.

பூஜிதா மேடையிலிருந்து பார்வையாளர் நடுவே நீண்ட நடைமேடையில் இறங்கி, கைகளை விரித்து நடந்தார். ஐந்தடி வரை நன்றாகப் போனது. ஏழாவது அடியில் அவர் கையசைத்தார். ஒன்பதாவது அடியில் வலது கால் வார் பிய்ந்தது. அவர் எதையாவது பிடிக்கப் பார்த்தார். அங்கே பிடிக்க இருந்தது ‘செலவே சுதந்திரம்’ என்று எழுதிய துணி மட்டும்தான். அதுவும் அள்ளுவில் வாங்கியது. அவரோடு வந்துவிட்டது.

வாயைப் பிளந்து அலறியபடி விழுந்தவருக்கு முதலில் போய்க் கை கொடுத்தவள் உஸ்மாதான். ஒரு கையால் தூக்கினாள். மற்றொரு கையில் கைபேசி இருந்தது.

படத்தைப் பதிவேற்றும்போது அவள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். கருத்து எழுதும் கட்டத்தில் மட்டும் சற்று யோசித்தாள். நீளமாக எழுதினால் நடுவில் எடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு சொல் எழுதினாள்.

மனசு எண்ணியது. பத்தொன்பது பல். மனசின் வரலாற்றில் அது ஒரு சாதனை. கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

அடுத்த நாள் காலை காந்திபுரத்தில் உஸ்மா இல்லை. அந்த இடத்தில் பூஜிதா இருந்தார். ஒரு காலில் செருப்பு தொங்க, பத்தொன்பது பற்களும் தெரிய, நாற்பதடி அகலத்தில். பக்கத்தில் பெரிய எழுத்தில் “பிய்ந்தது.” என்று இருந்தது. ஒரு சொல்லில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லாததால் முழுதாகப் போட்டிருந்தார்கள். சாதனை என்பதால் மனசு அதை மேலும் பதினொரு இடங்களில் ஏற்றியது. ஒன்று பூஜிதா குடியிருக்கும் அடுக்குமாடி வாசலுக்கு நேர் எதிரே. இன்னொன்று அள்ளு அலுவலகத்துக்கு எதிரே. மூன்றாவது வெள்ளகோவிலில், அவருடைய மாமனார் வீட்டுக்குப் போகும் வழியில்.

நோன்பு வந்தது. முதல் வாரம் முடிவதற்குள் அப்துல் கையூமின் கடையில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் வாரை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அவர் அதை ஊக்குவித்தார். “நல்லா இழுங்க” என்றார். மாலை வேலை முடிந்து வரும் உஸ்மாவும் கடையில் நின்றாள்.

இரண்டாம் வாரம் ஒரு மாலை பூஜிதா வந்தார். கணுக்காலில் கட்டு இருந்தது. முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதனால் யாரும் அவர் முகத்தை வைத்து அடையாளம் காணவில்லை. பேச வாயைத் திறந்து பல் தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண், “ஏனுங்க, நீங்க அந்தப் பிய்ஞ்சது அம்மாதானுங்களே?” என்று கேட்டார். மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை.

“உஸ்மா, உன்னோட கொஞ்சம் பேசணும்” என்றார் பூஜிதா.

“சொல்லுங்க மேடம்.”

“ஆறு தடவை கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லைன்னு பதிவாகுது. திருமூர்த்தி எனக்கே பூங்கொத்து கொண்டு வர்றான்.”

“அவரு நல்ல மனுசருங்க.”

“மெஷினை ஆஃப் பண்ணச் சொன்னேன். சேர்மன் முடியாதுங்கறார். போர்டு மாறின பிறகு செருப்பு சேல்ஸ் மூணு மடங்கு ஏறிடுச்சாம். பிய்ஞ்சதுன்னு சொல்லித் தைரியமா விக்கற ஒரே கம்பெனின்னு பசங்க வாங்கறாங்களாம்.”

உஸ்மா ஒரு குழந்தையின் காலை அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

“என் மாமியார் அந்தப் போர்டுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து எனக்கே அனுப்பறாங்க” என்றார் பூஜிதா. குரல் தழைந்திருந்தது. “எனக்குத் தெரியும், நீ வேணும்னுதான் பண்ணின. நான் சாரி சொல்லிடறேன். நீ ஒருத்திதான் அந்த மெஷினைப் புரிஞ்சுக்கிட்ட ஆள். இருபது பல்லுக்கு ஒரு படம் ஏற்பாடு பண்ணிக் கொடு. என்ன கேட்டாலும் தர்றேன். எனக்கு அந்தப் படம் எறங்கணும். அவ்வளவுதான்.”

கல்லாவிலிருந்து அப்துல் கையூம் மகளையும் வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு ஜோடியைப் பெட்டியில் போட்டுக் கட்டினார்.

உஸ்மா எழுந்து பூஜிதாவின் அருகே வந்தாள். கடைக்கு வந்தவரிடம் பேசும் அதே பணிவோடு சொன்னாள்:

“ஏற்பாடு பண்ணுனா அது பொய்யாப் போயிருமுங்க மேடம். நீங்க விக்கறதை மட்டும் நிறுத்திப்போடாதீங்க. மூணு மடங்கு விக்குதுங்கறீங்க. உங்களை விட நல்லா யாராச்சும் சீக்கிரம் விழுவாங்க.”